நத்தை சிக்கிக்கொண்ட இடம்

அன்று காலை அவன் கிளம்பும்போது சட்டைக் காலரில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. சொல்லப்போனால் அந்த வீட்டில் அன்று காலை நடந்தது அது ஒன்றுதான்.

அக்காவின் கண்ணுக்குத் தப்பி நூல் எங்கே போகும்? சட்டை தைக்கும் கம்பெனியில் கடைசிச் செக்கிங் மேசையில் பதினாறு வருஷமாக நிற்கிறவள். தைத்து முடித்த சட்டைகளை வெள்ளை விளக்கின் கீழே விரித்து, உள்ளும் புறமும் புரட்டிப் பார்ப்பாள். பிசிறோ, கறையோ, விட்டுப்போன தையலோ, எங்கே இருந்தாலும் அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். அம்பு ஒட்டிய சட்டைக்கு அங்கே ஆல்டர் என்று பெயர். தைத்த கைக்கே அது திரும்பிப் போய், சரியாகி, மறுபடி இவள் மேசைக்கு வரவேண்டும். ஒன்றும் இல்லையென்றால் பாஸ்.

கத்தரியைத் தேடினாள். கிடைக்கவில்லை.

"விடுக்கா, பஸ் போயிடும்" என்றான் தம்பி, ஒரு காலில் செருப்போடு.

"போனா அடுத்த பஸ். அசையாம நில்லு."

"ஒரு நூலுக்கா இவ்வளவு கலாட்டா? நான் போறது தண்ணி மீட்டர் பார்க்க. பொண்ணு பார்க்க இல்ல."

"இந்த லட்சணத்துல போனா மீட்டர்கூட உன்னைத் திரும்பிப் பார்க்காது."

கத்தரி கிடைக்காத எரிச்சலில் கைப்பையைத் திறந்து, ஸ்டிக்கர் அட்டையிலிருந்து ஓர் அம்பை உரித்து, நூலுக்கு நேராகக் காலரில் ஒட்டினாள். அவன் கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"உன் கண்ணுக்கு நான் ஒரு நாளாவது பாஸ் ஆவேனா?"

"சாயங்காலம் வா. வெட்டிவிடுறேன்."

பதினொரு மணிக்கு ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில், மூன்றாம் மாடிப் படித்திருப்பத்தில், மீட்டர் எண்ணை எழுதிக்கொண்டிருந்தவன் அந்த வீட்டம்மாவிடம் "கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போறேன்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அந்த அம்மா தண்ணீர் எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியில் சட்டையை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்த நர்ஸ், "காலர்ல ஒரு அம்பு ஒட்டியிருக்கே, அதுக்கு என்னங்க அர்த்தம்? டாக்டரே கேட்டார்" என்றாள்.

"ஒரு அர்த்தமும் இல்ல" என்றாள் அக்கா.

சந்தேகப்படுவது அவளுக்குச் சம்பளத்துக்குச் செய்கிற வேலை. அதனால் முதல் வாரம் அழுகை பாதி, விசாரணை பாதியாகப் போயிற்று. அந்தக் கட்டடத்துக்குப் போய்ப் படிகளை எண்ணினாள். ஐம்பத்து நான்கு. தண்ணீர் எடுக்க எவ்வளவு நேரம் ஆயிற்று, உடனே ஏன் கத்தவில்லை, லிப்ட் ஏன் வேலை செய்யவில்லை என்று வீட்டம்மாவைக் குடைந்தெடுத்தாள். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் இவள் தோளிலேயே சாய்ந்து அழுதுவிட்டார். ஆஸ்பத்திரிக் காகிதங்களை வரி வரியாகப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தன. அம்பு ஒட்ட இடமே இல்லாத சாவு.

அப்புறம்தான் ஒட்டகத்தின் மேல் கண் போயிற்று.

ஒட்டகம் என்பது தம்பியின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. கழுத்து நீளம், நடை மெதுவு, முகத்தில் எப்போதும் எதையோ மென்றுகொண்டிருப்பது போன்ற ஒரு பாவம். பெயர் வைத்தவன் தம்பிதான். நகலெடுக்கும் கடை ஒன்றில் வேலை. நான்காம் நாள் வந்தவன், முழுதாக உட்காரக்கூட இல்லை, "அம்மா, அவன் கம்ப்யூட்டரை நான் எடுத்துட்டுப் போறேன். அவன் செஞ்சதெல்லாம் உள்ள இருக்கு. பத்திரமா எடுத்து வெச்சுடறேன்" என்றான். அம்மா இருந்த நிலையில் வீட்டையே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள். ஒன்பது நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தான். வந்தபோது அதைப் பளபளவென்று துடைத்திருந்தான். விசைப்பலகையின் இடுக்குகளில்கூட ஒரு துளி தூசி இல்லை.

துடைத்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது செக்கிங் மேசையில் பழக்கம். கறைபட்ட சட்டையை ஈரத்துணியால் ஒற்றி அனுப்புகிற கை ஒன்று எல்லாத் தையல் லைனிலும் உண்டு.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது ஒரு விளையாட்டு. எட்டு வருஷமாகத் தம்பி அதைத்தான் செய்துகொண்டிருந்தான். அக்காவும் தம்பியும் சின்ன வயதில் விழுந்து விழுந்து பார்த்த கார்ட்டூன் ஒன்று உண்டு: தீயணைப்பு நத்தை. சிவப்புத் தொப்பி போட்ட நத்தை, ஓட்டுக்குள் தண்ணீர்க் குழாய். எங்கே தீப்பிடித்தாலும் கிளம்பும். ஆனால் போய்ச் சேர்வதற்குள் தீ அணைந்துவிடும். "வந்துட்டேன்ல!" என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு, சாம்பலைக் கூட்டிப் பெருக்கி, ஒரு கரண்டியையோ பொம்மையையோ தேடி எடுத்து உரியவரிடம் கொடுத்துவிட்டுப் போகும். இவ்வளவுதான் ஒவ்வொரு நாளும். அதற்கே தம்பி விழுந்து புரள்வான். வளர்ந்த பிறகு தாமதமாக வீட்டுக்கு வந்தால் வாசலிலிருந்தே "வந்துட்டேன்ல!" என்று குரல் கொடுப்பான். அந்தக் கார்ட்டூனைச் செய்தவர்கள் அதை மறந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. இவன் மறக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் அந்த விளையாட்டைப் பற்றி அவன் பேசாத நாள் இல்லை. பன்னிரண்டு ஊர். ஒவ்வொரு ஊரிலும் ஒரு தீ. ஏழாவது ஊர் முழுக்க மழை; அங்கே தீப்பிடிப்பதே ஒரு மர்மம். ஒன்பதாவது ஊரில் கடைவீதி, எந்தக் கடைக்குள் வேண்டுமானாலும் நுழையலாம். பன்னிரண்டாவது ஊரில் நத்தை ஒரே ஒரு முறை தீ அணைவதற்கு முன்பே போய்ச் சேரும். "அதைச் சொன்னா நீ அழுதுடுவ, வேண்டாம்" என்பான். அக்கா எத்தனையோ தடவை காட்டச் சொல்லியிருக்கிறாள். "முடியட்டும்க்கா. அரைகுறையைப் போய் உன் மேசைக்குக் கொண்டுவருவேனா?" என்று நழுவுவான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், சாப்பாட்டு இடைவேளையில் பட்டன் மிஷின்காரி ஓடிவந்தாள். பட்டன் வைக்கிற வேகத்திலேயே பேசுகிறவள். "நீ சொல்லுவியே அந்த நத்தை கார்ட்டூன், சும்மா தேடிப் பார்த்தேன்டி. உன் தம்பி விளையாட்டு இணையத்துல இருக்கு. அவன் பேரு போட்டிருக்கு. கூட இன்னொரு பேரும் போட்டிருக்கு."

இன்னொரு பெயர் ஒட்டகத்தின் பெயர். பக்கத்தைத் திறந்ததும் அக்கா அதைத்தான் முதலில் பார்த்தாள். கீழே முன்பின் தெரியாத யாரோ எழுதியிருந்தார்கள்: 'சின்ன வயசுக் கார்ட்டூன் என்று ஆசையாக இறக்கினேன். பெரிய ஏமாற்றம்.' அதற்கும் கீழே இன்னொருவர்: 'நிஜ நத்தை இதைவிட வேகம்.'

ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து அவள் அதைத் திறந்தாள். விசைப்பலகையில் நான்கு அம்புகள் இருந்தன. அம்பு அவளுக்குப் பழக்கமான பொருள். நத்தை திரையின் இடது மூலையில் தலையை நீட்டியது. நீட்டியதும் பேசியது.

"வந்துட்டேன்ல!"

தம்பியின் குரல். அவனே பேசிப் பதிவு செய்திருக்கிறான்.

குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மா நுரைக் கையோடு வாசல்வரை ஓடினாள். வாசலில் யாரும் இல்லை. திரும்பி வந்து அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.  "இன்னொரு தடவை போடு" என்றாள்.

போட்டாள். அம்மா சுவரில் சாய்ந்து நின்று கேட்டுவிட்டு, மறுபடி துணி அலசப் போய்விட்டாள்.

மற்றபடி, அந்த விளையாட்டை என்னவென்று சொல்வது? நத்தை நடந்தால் கால் மட்டும் நகர்ந்தது, ஓடு ஒரு நொடி கழித்து வந்தது. முதல் ஊரில் தெருவிளக்குகள் அத்தனை அழகு. ஆனால் விளக்குக்குக் கீழே தரை இல்லை, நத்தை பொத்தென்று விழுந்து காணாமல் போயிற்று; விளக்குகளை ஒதுங்கிப் போனால்தான் அடுத்த ஊர். இரண்டாவது ஊரில் வீடு எரிந்தது; நத்தை போவதற்குள் அணையவில்லை, போன பிறகும் அணையவில்லை, தண்ணீரை அடித்தால் தண்ணீர் தீக்குப் பின்னால் போய் விழுந்தது. மூன்றாவது ஊரில் ஒரு நீளமான கட்டடம், நடுவில் ஒரு மேசை, மேசைக்கு அந்தப் பக்கம் பூட்டிய கதவு. மேசைக்கு முன்னால் போனதும் நத்தை நின்றுவிட்டது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அசையவில்லை. விளையாட்டை மூடித்தான் திறக்க வேண்டியிருந்தது. திறந்தால் மறுபடி முதல் ஊர்.

ஏழாவது ஊர் மழையும் ஒன்பதாவது ஊர்க் கடைவீதியும் எங்கே?

அவள் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் அட்டையை எடுத்துவந்தாள். அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதுதான் வேலை. பிழை வருகிற இடத்தில் திரையின் மேல் ஓர் அம்பு. பக்கத்தில் தாளில் ஓர் எண். மூன்றாவது வாரம் திரைக்கு அம்மை போட்டது போல ஆகிவிட்டது. தாளில் முப்பத்தேழு பிழைகள். முப்பத்தொன்றாவது பிழை: 'மூன்றாவது ஊரில் மேசை இருக்கிறது, ஆள் இல்லை.'

இங்கேதான் அவளுக்குத் தொழில் புத்தி வேலை செய்தது. தைக்கிற கை தவறினால் பிழை ஒரு சட்டையில் தோளில் வரும், இன்னொன்றில் கையில் வரும், அலையும். நூறு சட்டையிலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி வந்தால் அது கைப்பிழை இல்லை. துணியை வெட்டும்போதே கத்தரி செய்த வேலை. இந்த நத்தை எத்தனை தடவை போனாலும் அதே மேசைக்கு முன்னால்தான் நின்றது. அப்படியென்றால் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

விளையாட்டுக்குள் எல்லாப் பிழையும் வந்த இடத்திலேயேதான் திரும்ப வரும் என்று அவளுக்குச் சொல்ல யாரும் இல்லை. பட்டன் மிஷின்காரியிடம் சொன்னபோது அவள், "பின்ன என்னடி, நல்ல பாகத்தை உருவிக்கிட்டுக் கந்தலை உன் தம்பி பேர்ல போட்டிருக்கான். நாளைக்குப் பாரு, மீதியை அவன் பேர்ல மட்டும் விடுவான்" என்று அவள் சந்தேகத்தைச் சாணை பிடித்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஒட்டகத்தின் ஒவ்வோர் அசைவும் சந்தேகமாயிற்று. மாதம் ஒரு முறை அம்மாவுக்கு மாத்திரை வாங்கி வந்து கொடுப்பான். இவள் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து வருவதில்லை. போன் செய்தால், "அக்கா, கடையில கூட்டம், அப்புறம் பேசறேன்" என்பான். பின்னணியில் ஈ பறக்கிற சத்தம்கூடக் கேட்காது. ஒரு தடவை தெருவில் எதிரே வந்தவன், இவளைப் பார்த்ததும் அந்த நீளக் கழுத்தை மடக்கிக்கொண்டு மருந்துக்கடைக்குள் நுழைந்தான்.

"அவன் அப்படிப்பட்டவன் இல்லடி" என்றாள் அம்மா.

"எப்படிப்பட்டவன்னு உள்பக்கம் திருப்பிப் பார்த்தாத்தான் தெரியும்."

"எல்லாரையும் உள்பக்கம் திருப்பிக்கிட்டே இருந்தா யார்தான் உன்கிட்ட நிப்பாங்க?"

 அக்காவுக்கு மீதி ஒன்பது ஊரும் வேண்டும். எட்டு வருஷம் ஒருவன் கல்யாணம் வேண்டாம், ஊர் சுற்றல் வேண்டாம் என்று ஓர் அறைக்குள் உட்கார்ந்து செய்த வேலை இந்த முப்பத்தேழு பிழைதான் என்றால், அந்த எட்டு வருஷமும் எங்கே போயிற்று? தினமும் தன் முகத்தைப் பார்த்து அவன் சொன்னதெல்லாம் என்ன? ஒட்டகம் திருடியிருந்தால் நல்லது. திருடிய பொருள் எங்கேயாவது இருக்கும்.

கம்பெனியில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு நேராகக் கடைக்குப் போனாள். குறுகலான கடை. இரண்டு நகல் மிஷின், அதில் ஒன்றின் மேல் பழைய நாள்காட்டிகளை அடுக்கியிருந்தார்கள். சூடான பிளாஸ்டிக் வாசனை. ஒட்டகம் குனிந்து தாள் அடுக்கிக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் கழுத்து முதலில் எழுந்தது, உடம்பு பின்னால் வந்தது.

"அக்கா! வாங்க. அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துடுச்சா?"

அவள் பிழைகளை எழுதிய இரண்டு தாளையும் கல்லா மேசையில் வைத்தாள். பழக்கதோஷம், அவன் அதை எடுத்து மிஷின் மூடியைத் திறந்தான்.

"எத்தனை காப்பி?"

"காப்பி வேண்டாம். படி."

படித்தான். கழுத்து குனிந்துகொண்டே போயிற்று. "முப்பத்தேழா?"

"முப்பத்தேழு."

"நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்த்ததுல இருபதுதான் தெரிஞ்சுது."

"சிரிக்காதே. மீதி ஒன்பது ஊர் எங்கே?"

அவன் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது, அவ்வளவுதான்.

"ஒன்பது ஊர் இல்லக்கா."

"பன்னிரண்டுன்னு சொன்னான்."

"எனக்கும்தான் சொன்னான்."

"அப்போ நீ எதையும் வெட்டலை?"

அந்த நேரம் பார்த்து ஒருத்தர் உள்ளே நுழைந்து, ஏதோ பத்திரத்துக்கு இரண்டு பக்கமும் நகல் வேண்டும் என்றார். ஒட்டகம் வாங்கி மிஷினில் வைத்தான். ஒரு பக்கம் நேராக வந்தது, மறுபக்கம் தலைகீழாக வந்தது. மறுபடி எடுத்தான், மறுபடி தலைகீழ். வந்தவர், "தம்பி, நான் தலைகீழா நின்னு படிக்கணுமா?" என்றார். அக்கா ஒட்டகத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போகும்வரை காத்திருந்தாள்.

"வெட்டினியா, இல்லையா?"

"ஒண்ணே ஒண்ணு வெட்டினேன்" என்றான்.

பதினாறு வருஷத் தொழில் பொய்க்கவில்லை என்று அவளுக்கு உள்ளே ஏதோ நிமிர்ந்தது. 

ஒட்டகம் கடையின் கம்ப்யூட்டரைத் தன் பக்கத்திலிருந்து அவள் பக்கம் திருப்பினான். உள்ளே மாதப் பெயர் போட்டு வரிசையாகக் கோப்புறைகள்: மொத்தம் தொண்ணூற்றொன்று. தம்பி மாதா மாதம் விளையாட்டின் நகல் ஒன்றைக் கூட்டாளியிடம் கொடுத்து வைத்திருக்கிறான், கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று. "எதை வேணும்னாலும் திறந்து பாருங்க. நான் தொட்டேனான்னு தேதியைப் பாருங்க."

கட்டுக் கட்டாக வரும் சட்டைகளை எப்படிப் பார்ப்பாளோ அப்படியே பார்த்தாள்: மேலே ஒன்று, நடுவே ஒன்று, அடியில் ஒன்று. அடியில் இருந்ததில் ஒரே ஊர். நடுவில் இருந்ததில் மூன்று ஊர். மேலே இருந்ததிலும் மூன்று ஊர். நம்பாமல் இன்னும் ஆறு உறைகளைத் திறக்கச் சொன்னாள். மூன்றாம் வருஷத்திலிருந்து மூன்றைத் தாண்டவே இல்லை. தெருவிளக்குகள்தான் மாறிக்கொண்டே வந்தன. ஒரு மாதம் வட்ட விளக்கு, ஒரு மாதம் நீள விளக்கு. ஒரு மாதம் மஞ்சள், அடுத்த மாதம் அதே மஞ்சளில் ஒரு பொட்டு வெள்ளை.

"அஞ்சு வருஷமா என்னதான்டா பண்ணினான்?"

"தெருவிளக்கை மட்டும் பதினாலு தடவை மாத்தினான். கேட்டா, 'இது நிக்கிற இடம் சரியில்லடா, எங்க அக்கா ஒரே பார்வையில கண்டுபிடிச்சுடுவா'ம்பான்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"வெட்டினதைக் காட்டு."

"வேண்டாம்க்கா."

"காட்டுடா."

கடைசி மாதத்து நகலைத் திறந்தான். மூன்றாவது ஊர். அதே நீளக் கட்டடம், அதே மேசை. ஆனால் மேசையில் ஆள் இருந்தது. ஓர் எறும்பு. மூக்கில் கண்ணாடி. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் சின்னக் கத்தரி. கையில் சிவப்பு அம்பு அட்டை. நத்தை வந்து நின்றதும் எறும்பு மேசையைச் சுற்றி இறங்கி வந்து, நத்தையை முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை பார்த்தது. ஓட்டைத் தட்டிப் பார்த்தது. பிறகு ஓர் அம்பை உரித்து ஓட்டின் மேல் ஒட்டியது. திரையில் பெரிதாக எழுத்து வந்தது: ஆல்டர்.

நத்தை முதல் ஊருக்குப் போய் விழுந்தது. ஓட்டில் அம்பு அப்படியே இருந்தது.

அக்கா பொத்தானை அமுக்கினாள். மறுபடி முதல் ஊர், தரையில்லாத விளக்கு, அணையாத வீடு, மேசை. இரண்டாவது அம்பு. மறுபடி. மூன்றாவது அம்பு. கடைக்கு வந்த இரண்டு பேரை ஒட்டகம் மிஷின் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பினான். எட்டாவது தடவை போனபோது நத்தை முள்ளம்பன்றி மாதிரி இருந்தது. எறும்பு அம்பு ஒட்ட இடம் தேடிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டது. ஒட்டகத்துக்குச் சிரிப்பு வந்து, வாயைப் பொத்திக்கொண்டான்.

"எத்தனை தடவை போனா விடும்?"

"விடாதுக்கா. விடுற மாதிரி அவன் எழுதவே இல்ல."

"ஏன்?"

"இந்த எறும்பு பாஸ்னு சொல்லணும், சொன்னா அந்தக் கதவு திறக்கும். அந்த நேரத்துல இது என்ன சொல்லும், மூஞ்சியை எப்படி வெச்சுக்கும்னு அவனுக்குப் பிடிபடலை. 'இதை மட்டும் தாண்டிட்டா மீதி ஒன்பது ஊரும் ஒரு வருஷ வேலைடா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான்." ஒட்டகம் கழுத்தைத் தடவிக்கொண்டான். "முழுசா நம்பிடாதீங்க. சோம்பேறித்தனமும் உண்டு. பேசுறதுல இருந்த சுறுசுறுப்பு கையில இல்ல அவனுக்கு. உங்களுக்குத் தெரியாததா?"

"இந்த விளையாட்டுல வேற எதிரி யாரு?"

அவன் யோசிக்கிற மாதிரி மேலே பார்த்தான். யோசிக்க ஒன்றும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"வேற யாரும் இல்லக்கா."

அக்கா பொத்தானிலிருந்து கையை எடுத்தாள்.

"அவன் போனதும் எனக்கு இதுதான் முதல்ல ஞாபகம் வந்துச்சு" என்றான் ஒட்டகம். "நீங்க திறந்து பார்த்து, தம்பி மனசுல நாம இப்படித்தான் இருந்தோமான்னு உடைஞ்சு போயிட்டா என்ன பண்றது? அதான் எடுத்துட்டுப் போய் எறும்பை எடுத்துட்டேன். எனக்கு அவன் அளவுக்குத் தெரியாதே. எறும்பை எடுத்தா நத்தை அங்கேயே மாட்டிக்கும்னு எடுத்த பிறகுதான் தெரிஞ்சுது. ஒன்பது நாள் முட்டி மோதிப் பார்த்தேன். வரலை. இருக்கிறவரைக்கும் அவன் பேர்ல நாலு பேர் பார்க்கட்டும்னு அப்படியே இணையத்துல போட்டுட்டேன்." மிஷின் மூடியை மூடிக்கொண்டே சொன்னான்: "ஆனா ஒண்ணு. பயம் எனக்குத்தான். அவனுக்கு இல்ல. முடிஞ்சதும் அக்காவைத்தான் முதல்ல உட்கார வைப்பேன், மூணாவது ஊர் வந்ததும் அவ மூஞ்சியைப் பார்க்கணும்டான்னு எத்தனை தடவை சொல்லியிருக்கான்!"

அந்த மூஞ்சி இப்போது எப்படி இருக்கிறது என்று ஒட்டகம் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா திரைக்கு அருகே குனிந்து எறும்பை வெகுநேரம் பார்த்தாள்.

"இதை யார் வரைஞ்சது?"

"படமெல்லாம் நான்தான். கண்ணாடியும் கத்தரியும் அவன் சொன்னது."

"எனக்கு இடது கை. இது வலது கையால ஒட்டுது."

அவள் பேனாவை எடுத்து, தாளின் அடியில் முப்பத்தெட்டு என்று போட்டு அதை எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் தாள் நனைந்து மை கலங்கிவிட்டது. ஒட்டகம் சட்டென்று ஒரு வெள்ளைத் தாளை உருவி அவள் பக்கம் நீட்டினான்; மூக்கைச் சிந்தவா, மறுபடி எழுதவா என்று அவனுக்கே தெரியவில்லை.

"திருப்பி வை" என்றாள்.

"எதைக்கா?"

"எறும்பை. இருந்த இடத்துல வை."

"வெச்சுடறேன். மீதி முப்பத்தேழையும் யாரையாவது பிடிச்சுச் சரி பண்ணிடறேன். ரெண்டு வாரம் குடுங்க."

"தொடாதே. ஆல்டர் தைச்ச கைக்குத்தான் திரும்பிப் போகணும். இன்னொரு கை தைச்சு நான் பாஸ் போட்டதே இல்ல."

"அப்போ கடைசியா எழுதினீங்களே, அது?"

"அது நீ வரைஞ்சது. அதை நீ மாத்து."

அவன் தலையாட்டினான். அவள் கிளம்பி வாசல்வரை போனபோது கூப்பிட்டான். கேட்கலாமா வேண்டாமா என்று கழுத்து ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமுமாக நின்றான்.

"அக்கா, எறும்பு பாஸ் சொல்ற அந்த ஒரு வரி... நீங்களே சொல்லிட்டீங்கன்னா போட்டுடலாம். உங்களைவிட யாரு சரியாச் சொல்லுவாங்க? கதவு திறந்துடும்."

"கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா. கறுப்பு."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். சொல்வதற்கு அவளிடம் ஒரு வரி இல்லாமல் இல்லை. படியில் கால் வைத்தபோது அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதைக் கேட்க வேண்டியவன் நத்தை இல்லை.

"மூடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரமே எறும்பு திரும்பி வந்தது. இடது கையால் அம்பு ஒட்டுகிறது. அம்மாவுக்கு விளையாடத் தெரியாது. மத்தியான வேளையில் திறந்து, அந்தக் குரலை ஒரு தடவை கேட்டுவிட்டு மூடுவாள். இணையத்துப் பக்கத்தில் அவ்வப்போது யாராவது இறக்கிப் பார்த்துவிட்டுத் திட்டிவிட்டுப் போகிறார்கள். 'இந்தக் கண்ணாடி போட்ட எறும்பை எப்படித் தாண்டுவது?' என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்னொருவர் நூற்று இருபது தடவை முயன்றதாக எழுதியிருந்தார்.

இதுவரை எறும்பு ஒருவரையும் விடவில்லை.